திருநாமப்பாட்டும் புகழாசையும்

திருவாய்மொழியின் ஒவ்வொரு பதிகமும் ஒரு திருநாமப்பாட்டோடு தலைக்கட்டுகிறது. முன் பாசுரங்களில் எம்பெருமானுடைய மேன்மையையும் எளிமையையும், தம்முடைய தாழ்ச்சியையும் ஆற்றாமையையும் பேசிவந்த ஆழ்வார், நிகமத்தில் தம் ஊரையும் பேரையும் இட்டு, அப்பத்தைக் கற்றார்க்குக் கிட்டும் பேற்றையும் அருளிச்செய்து முடிக்கிறார். 1102 பாசுரங்கள் கொண்ட பிரபந்தத்தில் 100 பதிகங்களின் முடிவிலும் இது நிகழ்கிறது. 'நான்', 'எனது' என்ற இரண்டையும் அடியோடு விடும்படி முதற்பத்திலேயே உபதேசித்தவர், தம் பெயரை இத்தனை முறை சொல்லிக்கொள்வது எங்ஙனே சேரும்?

அடியேனிடம் காலக்ஷேபம் கேட்க வரும் இளைஞர்கள் இக்கேள்வியைப் பலமுறை கேட்டதுண்டு. குற்றம் காணும் நோக்கோடு அவர்கள் கேட்பதில்லை. நன்றாகச் சேவித்தபோது நாலு பேர் புகழ்கிறார்கள், அப்புகழ் இனிக்கிறது, அந்த இனிமை தகுமா, தகாதா என்று அறியாமல் ஆழ்வார் திருவடிகளில் வந்து நின்று கேட்கிறார்கள். க்யாதி, லாபம், பூஜை என்ற மூன்றையும் நம் பூர்வர்கள் சேர்த்தே சொல்லி, மூன்றையும் விலக்கத்தக்கவையாகவே வைத்தார்கள். அப்படியிருக்க, நம் தரிசனத்தின் தலைமையான பிரபந்தமே கவியின் பெயரைப் பதிகந்தோறும் தாங்கி நிற்பதற்கு நாம் விடை சொல்லியே ஆகவேண்டும்.

எளிதாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. முதலாவது, அது அக்கால மரபு என்பது. தேவாரத்திலும் திருஞானசம்பந்தர் பதிகங்கள் பெயர் பொறித்த திருக்கடைக்காப்போடு முடிகின்றன. பத்திப் பாடல்களின் பொதுவழக்கு இது என்று இலக்கிய வரலாறு எழுதுவோர் கூறுவர். இது உண்மையே. ஆயினும் மரபு என்பது ஒருவர் கையாளும் கருவி. அதை எந்த நெஞ்சோடு கையாண்டார் என்பதை மரபு சொல்லாது. ஒரே மரபைப் பின்பற்றிய இருவரில் ஒருவர் செருக்கோடும் மற்றவர் பணிவோடும் பின்பற்றியிருக்கலாம்.

இரண்டாவது விடை நம் குருபரம்பரையிலிருந்தே கிடைப்பது. வீரநாராயணபுரத்து நாதமுனிகள், சிலர் 'ஆராவமுதே' என்னும் திருவாய்மொழியை அநுஸந்திக்கக் கேட்டார். அதன் முடிவில் ஆயிரத்தில் இது ஒரு பத்து என்று வந்ததைக் கொண்டு, எஞ்சிய பாசுரங்களும் இருக்கவேண்டும் என்று தெளிந்தார். குருகூரும் சடகோபன் என்ற திருநாமமும் அங்கேயே இருந்தபடியால் தேடவேண்டிய ஊரும் தெரிந்தது. திருக்குருகூர் சென்று, பராங்குசதாஸரிடம் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பெற்று, அதை 12,000 உரு அநுஸந்தித்து, ஆழ்வாரருளால் நாலாயிரமும் பெற்றார். திருநாமப்பாட்டு இல்லையேல் நமக்குத் திவ்யப்பிரபந்தமே கிட்டியிராது. ஆகவே ஆழ்வார் பெயரிட்டது பின்புள்ளார் உய்வதற்காக என்பர்.

இதுவும் உண்மையே; அடியேன் இதை நினைக்குந்தோறும் மெய்சிலிர்ப்பதுண்டு. ஆனால் இது திருநாமப்பாட்டால் விளைந்த பயனைச் சொல்லுகிறதே தவிர, அதைப் பாடின திருவுள்ளத்தைச் சொல்லவில்லை. தன் பெயர் நிலைக்கவேண்டும் என்று எழுதின ஒருவனுடைய நூலும் பின்வந்தவர்களுக்குப் பயன்படக்கூடும். நம் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

கேள்வியின் கூர்மையை முழுதும் உணரவேண்டுமானால் மற்றை ஆழ்வார்களின் திருநாமப்பாட்டுகளையும் பார்க்கவேண்டும். குலசேகரப்பெருமாள், பெருமாள் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் அடியார்களுடைய திருவடித் தூளியில் ஆடுவதைக் கங்கை நீராட்டத்துக்கும் மேலாகப் பேசுகிறார். அப்பதிகத்தின் திருநாமப்பாட்டிலேயே கொல்லிக்கும் கூடலுக்கும் கோழிக்கும் தாம் அரசர் என்று பட்டங்களை அடுக்குகிறார். நான்காம் பதிகத்தில் அரசு வேண்டா, விண்ணுலகு வேண்டா, திருவேங்கடமலையில் குருகாகவோ மீனாகவோ படியாகவோ பிறந்தால் போதும் என்கிறார். முடிவில் கூர்வேல் ஏந்திய குலசேகரனாகவே தம்மைக் காட்டிக்கொள்கிறார். பத்துப் பாட்டில் கைவிட்ட அரசு பதினோராம் பாட்டில் வேலோடு திரும்பி வந்துவிட்டதா? திருமங்கையாழ்வாரோ ஆலிநாடர் என்றும் மங்கையர்கோன் என்றும் கலிகன்றி என்றும் பரகாலன் என்றும் பலவாறு தம்மைச் சொல்லிக்கொள்கிறார். இதைத் தாழ்ச்சி என்று சொல்லி மழுப்பிவிட இயலாது.

மறுபுறம் திருப்பாணாழ்வார். 'அமலனாதிபிரான்' பத்துப் பாட்டிலும் அவர் பெயர் இல்லை. பலன் சொல்லும் பாட்டும் இல்லை. அரங்கன் திருவடி தொடங்கித் திருக்கண்கள் வரையில் கண்டு, திருமேனி முழுவதிலும் ஆழங்கால்பட்டவர் மீண்டு வந்து தம் பெயரைச் சொல்ல இடமில்லாது போயிற்று. அப்படியானால் பெயரிடாதவர் உயர்ந்தவர், பெயரிட்டவர் ஒரு படி தாழ்ந்தவர் என்று கொள்வதா? ஆழ்வார்களுக்குள் அப்படி ஏற்றத்தாழ்வு காண நம் ஸம்ப்ரதாயம் இடங்கொடாது. ஆகவே பெயர் இருப்பதையும் இல்லாதிருப்பதையும் மட்டும் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. பெயர் என்றால் என்ன, அது எதைச் சொல்லுகிறது என்ற இடத்துக்கே செல்லவேண்டும்.

இங்கே நமக்குக் கைகொடுப்பது எம்பெருமானார் வேதார்த்தஸங்க்ரஹத்திலும் ஸ்ரீபாஷ்யத்திலும் நிலைநாட்டிய ஓர் அர்த்தம். தேவன், மனிதன் என்னும் சொற்கள் ஓர் உடலின் வடிவைக் குறிப்பவை போலத் தோன்றினாலும் உடலோடு நின்றுவிடுவதில்லை. 'இம்மனிதன் அறிவாளி' என்று சொன்னால் அறிவு உடையது உடலன்று. சொல் உடல் வழியாக ஆத்மாவளவும் செல்லுகிறது. அவ்வாத்மாவும் பரமாத்மாவுக்கு உடல். உடல் என்றால் தாங்கப்படுவது, நியமிக்கப்படுவது, அவனுக்கென்றே இருப்பது. ஆகவே ஆத்மாவைச் சொல்லும் சொல்லும் அங்கே நில்லாது, உள்ளே உறையும் எம்பெருமானளவும் சென்றே முடிகிறது. இதனை அபர்யவஸாநவ்ருத்தி என்பர். சொல் நடுவழியில் தங்காமல் இறுதிப் பொருளைச் சென்று சேருகை என்று இதனை எளிதாகச் சொல்லலாம்.

இது சொல்லிலக்கணம் பற்றிய வாதம் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். அடியேனுக்கோ, ஸ்வரூபஜ்ஞானம் என்று நாம் பேசுவதெல்லாம் இதற்குள் அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது. ஒருவன் தன் பெயரைச் சொல்லும்போது அது எதுவரையில் செல்லுகிறது என்பதே அவன் தன்னை எவ்வளவு அறிந்தான் என்பதற்கு அளவு. உடலளவே அறிந்தவனுக்குப் பெயர் உடலில் நிற்கும். குலம், ஊர், அழகு, பட்டம் என்று விரியும். ஆத்மாவை அறிந்தும் அதன் சேஷத்வத்தை அறியாதவனுக்குப் பெயர் ஆத்மாவில் நிற்கும். என் ஞானம், என் பக்தி, என் வைராக்யம் என்று விரியும். இந்த இரண்டாவது நிலையே பண்டிதர்களுக்கு உரிய ஆபத்து. சேஷத்வம் அறிந்தவனுக்கோ பெயர் எங்கும் நில்லாமல் உடையவனளவும் ஓடிவிடும். புகழாசை என்பது பெயரை ஆசைப்படுவதன்று. பெயரின் பொருளை நடுவழியில் நிறுத்திவைக்க ஆசைப்படுவது. திருநாமப்பாட்டு என்பது அப்பொருளை நிற்கவிடாமல் இறுதிவரை செலுத்துகிற பாட்டு. இதுவே அடியேன் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது. ஆழ்வாருடைய இரண்டு பதிகங்களைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

ஐந்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில் ஆழ்வார் தாய் நிலையில் நின்று பேசுகிறார். மகளோ எம்பெருமானைப் பிரிந்து ஆற்றமாட்டாமல், அவனுடைய செயல்களையெல்லாம் தன் செயல்களாகவே சொல்லுகிறாள். கடலும் நிலமும் படைத்தவள் தானே என்கிறாள். அவற்றைக் கொண்டவளும் கீண்டவளும் தானே என்கிறாள். கேட்ட தாய் திகைக்கிறாள். ப்ரேமத்தின் எல்லை இது. கண்ணனைப் பிரிந்த ஆய்ச்சியர் அவனாகவே நடந்தும் பேசியும் தரித்தார்கள் என்று புராணம் சொல்லுகிறது. ப்ரஹ்லாதாழ்வானும், அனந்தன் எங்கும் நிறைந்திருப்பதால் தானே எல்லாமாக இருப்பதாகப் பேசினான். மேற்சொன்ன நியாயத்தாலே இவர்கள் சொன்ன 'நான்' உள்ளிருப்பவனளவும் சென்றது. பௌண்ட்ரகனும் தன்னை வாஸுதேவன் என்றே சொன்னான்; சங்கும் ஆழியும் போலச் செய்து சூடிக்கொண்டான். சொல் ஒன்றே. அவன் சொன்ன 'நான்' அவனிடத்திலேயே நின்றுவிட்டது, அதனால் அழிந்தான்.

இப்படி ப்ரேமம் தன்னை மறக்கச் செய்த பதிகத்தின் திருநாமப்பாட்டை ஊன்றிப் பார்க்கவேண்டும். பெண்பேச்சு நீங்கி, குருகூர்ச் சடகோபராகத் தம் நிலைக்கு மீள்கிற ஆழ்வார் இப்பாசுரங்களை எவ்வாறு செய்ததாகச் சொல்லுகிறார்? குற்றேவலாகச் செய்தேன் என்கிறார். உலகத்தைப் படைத்தேன் என்ற வாய், அடுத்த மூச்சில் ஏவின சிறுபணியைச் செய்தேன் என்கிறது. இதைக் கற்றவர்களுக்குப் பலனாக அவர் சொல்லுவதோ, பெருஞ்செல்வம் உடையவர்களாய்த் திருமாலடியார்களைப் பூசிக்கப் பெறுவார்கள் என்பது. க்யாதி, லாபம், பூஜை மூன்றும் இங்கே தலைகீழாகிவிடுவதைக் காண்க. பேர் ஏவல் செய்தவனுடைய பேராயிற்று. லாபம் அடியார்களுக்குச் செலவிடும் பொருளாயிற்று. பூஜை பெறுவதாக இல்லாமல் செய்வதாக ஆயிற்று. காதலிலே தன்னைத் தொலைத்தவர் தம்மை மீண்டும் கண்டெடுக்கும் இடம் திருநாமப்பாட்டு. கண்டெடுத்தபோது அடியனாகவே கண்டெடுத்தார் என்பதற்கு அதுவே சாசனம்.

அடுத்து ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழி. இதில் ஆழ்வார் கவித்தொழிலையே தம்மிடமிருந்து கழற்றிவிடுகிறார். தம்மைக் கருவியாகக் கொண்டு எம்பெருமான் தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்கிறார். இனிய கவி பாடவல்ல பரமகவிகள் இருக்க, அவர்களைக் கொண்டு பாடுவித்துக்கொள்ளாமல் தம்மைக் கொண்டானே என்று உருகுகிறார். அதற்குக் கைம்மாறு எக்காலத்தும் இல்லை என்று தடுமாறுகிறார். சொன்னவன் அவன் என்று பத்துப் பாட்டால் நிறுவின பின்பு, பதினோராம் பாட்டில் சடகோபன் சொன்னது என்று வருகிறது. மேலெழுந்தவாறு பார்த்தால் இது முரண். அப்பாசுரத்தின் முற்பகுதியையும் சேர்த்துப் பார்த்தால் முரண் நீங்கும். இவ்வுலகிலும் அவ்வுலகிலும் திருமாலையன்றி இல்லை என்று கண்டவராகவே சடகோபர் அங்கே பெயர் பெறுகிறார். கண்ட பொருளை நீக்கிவிட்டால் அங்கே சடகோபர் என்று தனியாகச் சொல்ல ஒருவர் இல்லை.

அப்பாட்டின் பலனும் நினைக்கத்தக்கது. இப்பத்து எப்படிச் சொன்னாலும் இன்பம் பயக்கும் என்று தலைக்கட்டுகிறார். பண்ணோடு சேவித்தாலும் பண்ணின்றிச் சேவித்தாலும், பொருளறிந்தாலும் அறியாவிட்டாலும் குறைவில்லை என்றபடி. புகழை விரும்பும் கவி இவ்வாறு சொல்லமாட்டான். தன் பாட்டைப் பிழையாகப் பாடினவனை அவன் பொறுக்கமாட்டான். பிழை தன் பெயருக்கு வந்து சேரும் என்று அஞ்சுவான். எப்படிச் சொன்னாலும் குற்றமில்லை என்று பாட்டைத் திறந்துவைத்தவர், அதைத் தம் சொத்தாக நினைக்கவில்லை என்பது தேற்றம்.

இந்த வெளிச்சத்தில் குலசேகரப்பெருமாளுடைய பட்டங்களையும் மீண்டும் பார்க்கலாம். இரண்டாம் பதிகத்தின் பலன், கற்றார் தொண்டர்க்குத் தொண்டராவர் என்பது. மூன்று தலைநகர்களுக்கு அரசன் என்று தொடங்கின வாக்கியம் தொண்டர்க்குத் தொண்டன் என்று முடிகிறது. பட்டங்கள் அவ்வாக்கியத்தில் புறப்படும் இடம். அடிமை அது சென்று சேரும் இடம். எதை விட்டு எங்கே வந்தார் என்று தெரியவேண்டுமானால் விட்டதன் அளவும் தெரியவேண்டும். ஒன்றுமில்லாதவன் ஒன்றும் வேண்டா என்றால் அது பெரிதன்று. நம் கோயில் கல்வெட்டுகளில் தானம் செய்த அரசர்களும் தனவான்களும் தங்கள் பெயரையும் பட்டங்களையும் விரிவாகப் பொறித்துவிட்டு, இத்தருமத்தைப் பின்னாளில் காப்பவன் திருவடி தம் தலைமேல் இருப்பதாக என்று முடிப்பதைக் காண்கிறோம். பெயர் எவ்வளவு நீண்டாலும் தலை யார் காலின் கீழ் இருக்கிறது என்பதே பொருள்.

திருமங்கையாழ்வாரிடம் இது செயலாகவே வெளிப்பட்டது. ஆறு பிரபந்தங்கள் அருளிச்செய்தவர் அவர். திருவரங்கத்தில் பெரியபெருமாள் உகந்து, வேண்டுவது கேள் என்று நின்றபோது, நம்மாழ்வாருடைய திருவாய்மொழியை வேதத்தோடு ஒக்கத் திருச்செவி சாற்றவேண்டும் என்பதையே அவர் வேண்டிப் பெற்றார் என்பது ஸம்ப்ரதாய வரலாறு. அத்யயனோத்ஸவத்தின் மூலம் இது. அரையன், வாள்வலி உடையவர், பட்டங்களை அடுக்கிப் பாடியவர், கேட்கும் வேளை வந்தபோது மற்றொருவர் பாட்டுக்கு ஏற்றம் கேட்டார். அவருடைய பட்டங்கள் அவரிடத்தில் நின்றுவிடவில்லை என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டா.

ஆண்டாள் வேறொரு வழி காட்டினாள். திருப்பாவையின் முப்பதாம் பாட்டில் கோதை என்ற தன் பேருக்கு முன்பாகப் பட்டர்பிரான் என்ற தகப்பனார் திருநாமத்தை வைத்தாள். தொண்டரடிப்பொடியாழ்வாரோ அடியார்களின் திருவடித்துகள் என்ற உறவையே பெயராக்கிக்கொண்டார். ஆளவந்தார் ஸ்தோத்ரரத்னத்தின் முடிவில், தம் நடத்தையைப் பாராமல் தம் பாட்டனாரான நாதமுனிகளைக் கண்டு அருளவேண்டும் என்று விண்ணப்பித்தார். 65 சுலோகங்கள் பாடின தம் பெயரை அங்கே சொல்லவில்லை. பெயரிடுதல், உறவோடு பெயரிடுதல், பிறர் பெயரால் நிற்றல், பெயரே இடாமை என்று வழிகள் பல. எல்லாவற்றிலும் பெயர் நடுவழியில் நிற்காமை ஒன்றே.

இனி நம் காலத்துக்கு வருவோம். கோயிற்குடியில் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமல் திருத்தகப்பனாரிடமே வடமொழியும் தமிழும் ஓதி, எழுபது பிராயத்தையும் கடந்த அடியேன் கண்டதைச் சொல்ல இப்பத்திரிகையின் பாகவதர்கள் அநுமதிக்கவேண்டும். அடியேன் ஊரில், தீர்த்தம் யாருக்கு முந்தி, யாருக்குப் பிந்தி என்ற வழக்கில் இரண்டு குடும்பங்கள் ஒரு தலைமுறை முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரு திறத்தாரும் சாஸ்த்ரம் கற்றவர்கள், நெஞ்சுருகிச் சேவிப்பவர்கள். ஆகவே கல்வியும் பக்தியும் இருந்தாலே புகழாசை தானாக நீங்கிவிடும் என்று எண்ணவேண்டா. கூரத்தாழ்வானை முக்குறும்பு அறுத்தவர் என்று திருவரங்கத்தமுதனார் கொண்டாடினபோது, செல்வம், குலம் இவற்றால் வரும் செருக்கோடு கல்வியால் வரும் செருக்கையும் ஒன்றாக எண்ணினார். கல்வியே அதற்கு மருந்தாகுமானால் அதனாலேயே ஒரு குறும்பு விளைவதாகச் சொல்லியிரார்கள்.

மரியாதை தவறு என்பது இதன் கருத்தன்று. கோயிலில் அருளிப்பாடு என்று பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெருமாள் நியமனமாகப் பெயர் அழைக்கப்படுகிறது. அழைக்கப்பட்டவர் 'நாயிந்தே' என்று விடைசொல்லி முன்வந்து பெற்றுக்கொள்கிறார். அங்கே பெயர் எம்பெருமானிடமிருந்து புறப்பட்டு, அடியவனைத் தொட்டு, அவனை அழைத்துக்கொண்டு எம்பெருமானிடமே திரும்புகிறது. இதைவிட அழகாகத் திருநாமப்பாட்டின் கருத்தை விளக்க முடியாது. அழைக்கும் முன்பே எழுந்து நிற்பதும், அழைத்த வரிசையை எண்ணிக்கொண்டிருப்பதும்தான் பெயரை நடுவழியில் நிறுத்துகிற செயல்.

எழுதுவோருக்கும் உபந்யஸிப்போருக்கும் நம் பூர்வர்கள் வேறொரு காப்பும் வைத்தார்கள். அது தனியன். ஒரு க்ரந்தத்தைத் தொடங்கும்போது அதை அருளினவருடைய பெருமையைச் சொல்லித் தொடங்குவோம்; அதைச் சொல்லுகிறவர் அவரல்லர், மற்றொருவர். நம்மாழ்வார் திருநாமம் நாவுக்கு அமுதாக இனிப்பதை மதுரகவிகள் பாடினார். மணவாள மாமுனிகள் ஈட்டுக்காலக்ஷேபம் ஸாதித்துத் தலைக்கட்டினபோது நம்பெருமாளே அவருக்குத் தனியன் அருளினான். ஒருவருடைய பெயருக்கு உரிய இடம் அவர் வாய் அன்று, அவரால் உய்ந்தவர் வாய். இந்நாளில் அழைப்பிதழில் அச்சிடவேண்டிய பட்டங்களைத் தாமே எழுதி அனுப்புவதும், தமக்குரிய துதியைத் தாமே இயற்றிக் கொடுப்பதும் வழக்கமாகி வருகின்றன. அவர்களைப் பழிப்பது அடியேன் நோக்கமன்று. அந்த இடத்தில் நிற்கவேண்டியவன் சிஷ்யன். அவனுடைய கைங்கர்யத்தை ஆசார்யனே பறித்துக்கொள்வது தகாது என்றே சொல்லுகிறேன்.

நஞ்சீயருடைய சரிதம் இங்கே நினைக்கத்தக்கது. அவர் திருவாய்மொழிக்கு அருளின ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலையாக்கித் தரும்படி வரதராஜர் என்பாரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கையில் ஸ்ரீகோசம் ஆற்றோடு போயிற்று. கேட்டதை நினைவில் கொண்டு அவர் மீண்டும் எழுதி, சில இடங்களில் விசேஷார்த்தங்களையும் சேர்த்துக் கொடுத்தார். நடந்ததை அறிந்த நஞ்சீயர், தம் க்ரந்தத்தில் பிறர் கை பட்டதே என்று வெகுளவில்லை. அவரை அணைத்துக்கொண்டு 'நம்பிள்ளை' என்று பேரிட்டார். தம் பேர் நிற்கும் க்ரந்தத்தில் மற்றொருவர் அதிகமாகக் கண்டார் என்ற இடம், பண்டிதர்களுக்கெல்லாம் நெஞ்சு சுருங்கும் இடம். அங்கே நஞ்சீயருக்குத் திருவுள்ளம் மலர்ந்தது. நம்மில் எவரேனும் தம் புகழாசையைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் வேறு சோதனை தேடவேண்டா. தாம் சொன்ன அர்த்தத்துக்கு மேலாக மாணவன் ஒன்று சொல்லும்போது தம் நெஞ்சு மலர்கிறதா, சுருங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

தாழ்ச்சி சொல்லுவதாலும் இது தீர்ந்துவிடாது. நைச்யாநுஸந்தானம் ஆழ்வார்களுக்கும் ஆசார்யர்களுக்கும் மெய். நமக்கு அது பல சமயம் அணிகலனாகிவிடுகிறது. 'அடியேன் ஒன்றும் அறியேன்' என்று தொடங்கிப் பேசி, 'எவ்வளவு அடக்கம்' என்று பிறர் சொல்லக் காத்திருப்பவன், 'நான்' என்ற சொல்லை மாற்றினானே ஒழிய அதன் பொருளை மாற்றவில்லை. பெயரைப் போடாமல் எழுதிவிட்டு, எழுதியவர் யாரென்று உலகம் தேடவேண்டும் என்று எதிர்பார்ப்பவனும் அப்படியே. அடியேனுடைய திருத்தகப்பனாரின் ஸ்ரீகோசங்களில் முதல் ஏட்டில் அவருடைய ஆசார்யர் தனியன் இருக்கும். அவர் பெயர் எங்கும் இராது. ஏன் என்று சிறுவயதில் கேட்டதற்கு, 'எழுத்து என்னுடையது என்று உனக்குத் தெரியுமே, போதாதா?' என்று சிரித்தார். பெயரிடாமையை ஒரு விரதமாக அவர் சொல்லவில்லை. அதைப் பற்றி அவர் நினைத்திருந்ததாகவே தெரியவில்லை. பெயரிட்ட ஆழ்வார்களும் அதைப் பற்றித் தனியாக நினைத்திருக்கமாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நெஞ்சு முழுவதும் ஒருவனிடத்தில் இருக்கும்போது பெயர் வந்தாலும் அவனுக்காக வரும், வராவிட்டாலும் அவனுக்காக ஒழியும்.

ஆழ்வார்களுடைய பெயர்களுக்கு உலகம் செய்த முடிவைப் பார்த்தால் இது இன்னும் தெளியும். திருவேங்கடமுடையான் கர்ப்பக்ருஹத்து வாசற்படிக்குக் குலசேகரப்படி என்று பெயர். படியாகக் கிடந்து பவளவாய் காணவேண்டும் என்று விரும்பினவருடைய பெயர் படிக்கே ஆயிற்று. மூன்று தலைநகர்களும் அவர் பெயரால் இன்று வழங்கவில்லை. எம்பெருமான் திருவடிநிலைக்குச் சடாரி, ஸ்ரீசடகோபம் என்று பெயர். கற்றவர், கல்லாதவர் என்ற வேறுபாடின்றி ஸந்நிதிக்கு வருகிற ஒவ்வொருவர் தலையிலும் அது வைக்கப்படுகிறது. நம்மாழ்வார் ஸந்நிதியில் அவருடைய திருவடிநிலைக்கு ராமாநுசன் பெயர். எம்பெருமானார் ஸந்நிதியில் முதலியாண்டான் பெயர். ஒவ்வொருவருடைய பெயரும் தாம் அடிமை செய்தவருடைய திருவடியில் போய் அமர்ந்திருக்கிறது.

திருநாமப்பாட்டைச் சேவிக்கும்போது இதை நினைத்துக்கொள்வது நலம். புகழாசை வந்ததே என்று அஞ்சி அந்த இளைஞர்கள் சேவிப்பதை விடவேண்டா. நன்றாகச் சேவித்ததற்குப் பெரியோர் மகிழ்ந்து சொன்ன வார்த்தையைத் தட்டவும் வேண்டா. சடாரி தலையில் வைக்கப்படும்போது குனிகிறோமே, அந்த வார்த்தைக்கும் அப்படியே குனிந்து, அதை உடையவனிடத்தில் சேர்த்துவிடலாம்.